பெட்டிக்குள் இருந்தவர்

செப்டம்பர் 11, 2024, புதன்
இரத்தம் குடிக்கும் பேய்ப் பிரபு பற்றி இன்று என் சினிமா வகுப்பு. வெளிநாட்டு நாவலில் பிறந்தவன், ஊமைப்படத்தில் எலி மூஞ்சியோடு வந்தான், பேசும் படத்தில் கோட்டுப் போட்ட கனவானானான், கலரில் கண் சிவந்தான். ஆனால் 1983-இல் முத்துப்பேட்டையில் எடுத்த நம் தமிழ்ப் படத்துக்கு ஈடு கிடையாது. சவப்பெட்டியிலிருந்து கை நீள்கிறது, மூடி விழுகிறது, விரல்கள் நசுங்குகின்றன! மெதுவாக ஓட்டி நான்கு முறை காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம்: 'ரப்பர் கையின் அற்புதம்'.

செப்டம்பர் 12
அத்தியாயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில், "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்து போய்விட்டார். மாட்டை விற்று மூன்று வருடமாகிறது. நான் எழுதினால் மட்டும் இவருக்குக் கசக்கும்.

செப்டம்பர் 14, சனி
முத்துப்பேட்டை. அந்தப் படப்பிடிப்பில் விளக்கு சுமந்த அப்துல் ரஹ்மான் பாயைப் பார்த்தேன். ரப்பர் கையைச் செய்தது யார் என்று கேட்டேன்.

"ரப்பரா? யாரும்மா சொன்னா? பேயா நடிச்சவரு பெட்டிக்குள்ள படுக்க மாட்டேன்னுட்டாரு. படகு தள்ள வந்த ஆளப் படுக்க வச்சோம். மூடி நெசமாவே விழுந்துடுச்சு. ரெண்டு வெரல் போச்சு. அதையே படத்துலயும் வச்சுட்டாங்க."

"அவர் பேரு?"

"வீரையன். கூத்தாநல்லூர் பக்கம்."

வீரையன் என் அப்பா.

ரெண்டு விரலும் கதிரடிக்கிற மிஷின்ல போச்சுன்னுதானே சொன்னாரு? இத்தனை வருஷமும்? எங்கப்பா விரல் நசுங்குறதை மெதுவா ஓட்டி — நாலு தடவை — ஐயோ, கைதட்ட வேற விட்டேனே.

செப்டம்பர் 15
அவர் சோறு பிசைவதைப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 17
பதிப்பகத்தை அழைத்து அத்தியாயத்தை நீக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஏம்ப்பா மறைச்சீங்க?"

"பேய்ப் படத்துல வெரலு போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? உங்கம்மாவுக்கே தெரியாது."

அழுதேன். அந்தக் காட்சியை இனி யாருக்கும் காட்ட மாட்டேன், புத்தகத்திலிருந்தும் எடுத்தாகிவிட்டது என்றேன்.

"எனக்குக் காட்டு" என்றார். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.

லேப்டாப்பைத் திறந்து ஓட்டினேன். பெட்டியிலிருந்து கை வெளியே வந்தது.

"நிறுத்து."

மூடி விழுவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், வெகுநேரம்.

"அஞ்சு வெரலோட எனக்கு ஒரு போட்டோகூடக் கெடையாதும்மா. இத எடுத்துடாத."

லேப்டாப்பை மூட மனம் வரவில்லை.