மாமி, உங்கள் வேலிக்கொடியை வெட்டப் போகிறேன்

என் அன்பு மாமிக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. சுகம்தான், ஆனால் உங்களிடம் கேட்க ஒரு விசயம் இருக்கிறது. உங்களிடம் எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லாததால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருடம் உங்கள் மருமகனாக இருந்தேன். ஒருநாளாவது உங்கள் சொல்லை மறுத்திருப்பேனா? பரந்தனில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கடையில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். பூநகரியில் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்ததும் என் குரல் தானாக இறங்கிவிடும். "தம்பிக்கு வாய் இருக்கோ எண்டே சந்தேகமாக் கிடக்கு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தீர்களே, அது எனக்குக் கேட்டது.

வாய் இல்லாமலா உங்கள் ஈச்சுரமூலிக் கசாயத்தைக் குடித்தேன்? மேற்கு வேலி முழுவதும் படர்ந்திருந்த அந்தக் கொடிதான் உங்களுக்கு எல்லாவற்றுக்கும். மூட்டு வலி, வயிற்றுப் பூச்சி, காய்ச்சல், எது வந்தாலும் இலையும் வேரும் குசினி அடுப்புக்குப் போகும். ஆடுகள் வேலிக் கிளுவையை மொட்டையடித்துவிட்டு அந்தக் கொடியை மட்டும் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நாங்கள் ஆடுகளைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

"கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுவையிலை குடியுங்கோ தம்பி" என்று கையில் பனங்கட்டித் துண்டோடு பக்கத்தில் நிற்பீர்கள். எனக்கு எப்போதாவது ஒரு தடிமன் காய்ச்சலுக்கு அரைக் கோப்பை. உங்களுக்கு முழங்கால் வலிக்காக ஒவ்வொரு காலையும் ஒரு கோப்பை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒருநாள் முழுவதும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிய ஊரில் வேறென்ன செய்திருப்பீர்கள்? நான் குறை சொல்லவில்லை மாமி.

பிறகு சலம் கழிக்கும்போது இரத்தமும் போனது. படம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். "நாட்டு மருந்து ஏதும் பாவிக்கிறனீங்களோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார். "இல்லை ஐயா, நான் மருந்தே தொடுறேல்லை" என்றீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு மருந்து என்றால் பெட்டியில் வருவது, அல்லது பரியாரியார் கட்டித் தருவது. வேலியில் பறித்து வீட்டில் கொதிக்கவைப்பது ரசம் மாதிரி.

நான் உங்கள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். எனக்குத் தெரியும். ஆனால் மாமி ஒன்று சொன்ன பிறகு மருமகன் இன்னொன்று சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் உங்களைக் காப்பாற்றியிருக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கசாயம் கூடாதென்று உங்கள் மகளுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

ஏனென்றால் நீங்கள் போன பிறகு உங்கள் மகள் செல்வியும் அதைக் குடிக்கத் தொடங்கிவிட்டாள். தையல் மெசினில் இருந்து இருந்து அவளுக்கு இடுப்பு வலி. ஞாயிறு தோறும் பூநகரிக்குப் போய் வீட்டைக் கூட்டி, உங்கள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, ஒரு கட்டு இலையோடு வருவாள். "குடிக்கேக்கை அம்மா பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கப்பா" என்றாள்.

போன மாதம் வலி கூடிவிட்டது. வவுனியாவில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன், சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பெண். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். "இல்லை டொக்டர்" என்றாள் செல்வி, அச்சு அசல் உங்கள் குரலில். இந்த முறை நான் முன்னால் வந்தேன் மாமி.

"குடிக்கிறவா டொக்டர். ஒவ்வொரு நாளும் காலமை" என்றேன். செல்வி என்னை எரிக்கிற மாதிரிப் பார்த்தாள்.

அடுத்த முறை கொடியைக் கொண்டுபோய்க் காட்டினோம். "இந்த இனத்துக் கொடியளிலை ஒரு நஞ்சு இருக்கு. கொதிக்கவைச்சாலும் போகாது. சிறுநீரகத்தைப் பழுதாக்கும், புற்றுநோயையும் கொண்டு வரும். நிப்பாட்டிக் கனகாலத்துக்குப் பிறகும் வரலாம்" என்றார் அந்த டொக்டர். நான் உங்களைப் பற்றிக் கேட்டேன். "அம்மாக்கு இதாலைதான் வந்தது எண்டு இப்ப உறுதியாச் சொல்லேலாது. ஆனா சந்தேகப்பட இடமிருக்கு." செல்வியின் இரத்தத்திலும் சலத்திலும் இப்போதைக்குப் பிழையில்லை. தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

திரும்பும்போது மாங்குளத்தில் வைத்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்: "எங்கடை அம்மா நஞ்சைப் பழக்கிப்போட்டுப் போனவா எண்டு சொல்லுறியளோ?"

"அவாக்குத் தெரியாது செல்வி. தெரிஞ்சிருந்தால் தானும் குடிச்சிருக்கமாட்டா, உனக்கும் தந்திருக்கமாட்டா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு நாள் வீட்டில் கதை பேச்சு இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. ஆனா அம்மாட்டை ஒருக்காக் கேட்டிட்டு வெட்டுங்கோ."

அதற்குத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். உங்கள் வேலியில் தண்டு வாங்கிப்போய் நட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களும் நிறுத்த வேண்டும், டொக்டர் கேட்டால் குடித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைக் கெடுக்கிறேன் என்று நினைப்பீர்களா? கை மருந்து கொடுத்த அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே கொடுத்தீர்கள்?

நாளைக் காலை இருவரும் வருகிறோம். வேரோடு கிண்டி எடுப்பேன். கோபம் வந்தால் அதை என்மேல் வையுங்கள், அவள்மேல் வேண்டாம். சோதனைக்குக் குறித்த நாள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அவளைக் கூட்டிப்போவேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் இன்னும் சில இரவுகளில் அழுகிறாள். உங்களுக்கும் மகளைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மாமி, முதன்முறையாக உங்கள் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்கிறேன்: அவளை உங்களிடம் இப்போதைக்கு அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மருமகன்