செவலைக்காளை உயிரோடிருப்பது குறித்து

அனுப்புநர்:
ம. காத்தாயி, க/பெ. மருதையன்,
கீழத்தெரு, பூந்தாழங்குடி,
நன்னிலம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
வட்டக் காவல் நிலையம்.

பொருள்: மாடு களவு வழக்கு – காணாமற்போன காளை திரைப்படத்தில் தென்பட்டது – என் கணவர் தொடர்பான வேண்டுகோள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு அறுவடையின்போது கூலி உயர்வு கேட்டு எங்கள் தெருவினர் வயலில் இறங்காமல் நின்றோம். அந்த நாட்களில் மிராசுதார் திரு. பஞ்சநதம் அவர்களின் செவலைக்காளை காணாமற்போனது. பண்ணையில் மாடு பார்த்துவந்த என் கணவரே ஆத்திரத்தில் அதை அடிமாட்டுக்கு விற்றுவிட்டதாகக் காரியஸ்தர் கண்ணுசாமி புகார் கொடுத்தார். கன்றிலிருந்து தன் கையால் வளர்த்த மாட்டை விற்பாரா என்று நான் கேட்டது எவர் காதிலும் ஏறவில்லை.

2. ஜாமீனில் வந்தவர் தினமும் மாலை தங்கள் நிலையத்தில் கையெழுத்திடுகிறார். அதற்குள் ஊருக்கு வரும் கடைசிப் பேருந்து போய்விடுவதால் அங்கேயே அரிசி ஆலை வாசலில் படுத்துக்கொள்கிறார். சோறு கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது, "செவலைய வெட்டியிருப்பாங்களா?" என்பதுதான்.

3. நேற்றுப் பிள்ளைகளை டூரிங் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். ஆடும் கோழியும் மாடும் பேசும் குடும்பப் படம். மாடு பேசியது என்று எழுதினால் தாங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படிக்க வேண்டுகிறேன். அதில் ஒரு காளை, கழுத்தடியைச் சொறிந்ததும் மோவாயைத் தூக்கி நாக்கைச் சுழற்றியது. அது என் கணவர் பழக்கியது. கிழிந்த இடது காதும் தெரிந்தது. குரல் யாருடையதோ, மாடு செவலைதான். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அதற்குள் பேரப்பிள்ளைகளோடு நாற்காலியில் இருந்த மிராசுதார் எழுந்து, "அடேய், இது நம்ம செவலைடா!" என்று கத்தினார்.

4. இன்று காலை அவர் விசாரித்ததில், மாட்டைத் தரகரிடம் விற்றது தானே என்று காரியஸ்தர் ஒப்புக்கொண்டார். தரகரிடமிருந்து படக்கம்பெனியார் வாங்கியிருக்கிறார்கள். கூலி விஷயத்தில் மிராசுதாரோடு எங்களுக்குள்ள தகராறு அப்படியேதான் இருக்கிறது. இதில் அவர் நியாயமாக நடந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5. வழக்கு முடிய நாளாகும் என்கிறார்கள். ஆகட்டும் ஐயா, நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது, காத்திருப்போம். ஆனால் படம் இன்றோடு போகிறது. செவலை உயிரோடிருப்பதாகக் கணவருக்குச் சொல்லியனுப்பினேன். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்கிறாராம். ஆகவே இன்று ஒரு நாள் பகலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். தம் கண்ணாலேயே பார்க்கட்டும்.

இடம்: பூந்தாழங்குடி
நாள்: 9-4-1974

இப்படிக்கு,
ம. காத்தாயி

மேற்கண்டவை மெய். என் சார்பில் காரியஸ்தர் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மருதையன் வந்து உட்காரும்வரை படத்தைத் தொடங்க வேண்டாம் என்று கொட்டகைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.
– பஞ்சநதம்