சந்தனம் வைக்காத துளை

தம்பி,

நாளைக்கு ஆயுத பூசை. பால் சென்டரைக் கழுவிவிட்டு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேன்களுக்கு வைத்தாயிற்று, தராசுக்கு வைத்தாயிற்று. பெட்டிக்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. சந்தன வாசனையோடு உன் சிரிப்பும் வந்தது. வருகிற தை வந்தால் நீ கண்ணை மூடி ஒரு வருஷம். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பெட்டி உனக்குத் தெரியும். பாலின் கொழுப்பைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்கிற பெட்டி. நீ சிங்கப்பூர் போன பிறகு டெய்ரிக்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறாவதோடு நின்றவளிடம் மிஷினைக் கொடுக்கிறார்களே என்று ஊரில் சிரித்தார்கள். நீதான் போனில், "மாட்ட மேய்ச்சிகினு இருந்தவ நீ. மிஷினு எட்டி ஒதைக்காதுக்கா" என்றாய்.

உதைக்கத்தான் உதைத்தது. பெட்டி வந்து நாலு வருஷம் கழித்து ஒரு நாள், காலைப் பால் முடிந்ததும் சித்தூரிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். பெட்டிக்குள் இருக்கிற பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதை எழுத வேண்டும் என்று பென் டிரைவைச் சொருகினார். பாதி எழுதுகிறபோது கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள் ஆகும், அதுவரை எல்லாரும் பக்கத்து ஊரில் பால் ஊற்றட்டும் என்றார். பத்து நாள் அங்கே போய்ப் பழகிய பால் திரும்பி வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்டர் போய்விடும். நம் பெண்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் நடக்க வேண்டும்.

உனக்குப் போன் போட்டேன். நீ அங்கே இதே மாதிரிப் பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கிற வேலையில் இருந்தாய். நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாய்:

"அது சாவலக்கா. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. வேலை செய்யற பெரியவன்தான் பாதி அழிஞ்சி கெடக்கறான். அவன எழுப்பி வுடறதுக்குச் சின்னவன் ஒருத்தன் இருக்கான், பூட்லோடர்னு பேரு. அவன் நல்லா இருந்தா போதும், நாம எழுதிக்கலாம்."

சூப்பர்வைசரிடம் தெலுங்கில் பேசி லேப்டாப்பையும் வயரையும் கொடுக்க வைத்தாய். கொடுத்தாரே தவிர, தொட மாட்டேன் என்றார். "மொத்தமா செத்துட்டா என் தலையில விழும். நீங்களே செய்யுங்கம்மா" என்று ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வயரைப் பெட்டியின் பக்கத்தில் இருக்கிற வட்டத் துளையில் சொருகினேன். லேப்டாப் திரையில் ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை பிடுங்கிச் சொருகியும் வரவில்லை. துளைக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா பார் என்றாய். குனிந்து பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. நாலு ஆயுத பூசைச் சந்தனம். சாமிக்குக் கண் வைக்கிற மாதிரி துளை துளையாகப் பார்த்து நானே வைத்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். நீ சிரித்தாய், பார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லி அவர்களும் சிரித்தது எனக்குக் கேட்டது. "பூசை பண்ணியே மூச்ச அடைச்சிக்கீறியேக்கா" என்றாய்.

துடைப்பத்து ஈர்க்கில் துணியைச் சுற்றித் துடைத்தேன். மறுபடி சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து ஓடி வந்தது. மூன்று, இரண்டு, ஒன்று என்று அதுவே எண்ணியது.

"அது எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒரு எழுத்த அமுக்கு. சின்னவன் நின்னு நீ சொல்றதக் கேப்பான்."

"எந்த எழுத்துடா?"

"எதுனாலும் சரி. உனக்குத் தெரிஞ்சது."

முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாம் தடவை அமுக்கினேன். நின்றது.

அப்புறம் திரையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னாய். பெயர் தெரியாத எழுத்துக்கு உருவத்தைச் சொன்னேன். கரண்டு கம்பம் மாதிரி, பாம்பு மாதிரி, கவிழ்த்த கொக்கி மாதிரி. அலுக்காமல் எழுதிக்கொண்டு, பிறகு நான் அடிக்க வேண்டியதைச் சொன்னாய். "மொதல் வீடு சின்னவனோடது. அத அழிச்சிட்டா பெட்டி போச்சி. ஒரு சைபர் கொறஞ்சாலும் அவன் வீடுதான் அழியும். எண்ணிச் சொல்லு." சாயந்திரம் திரும்புகிற மாட்டை எண்ணுகிற மாதிரி, ஒவ்வொரு சைபராக விரல் வைத்து எண்ணினேன். நீ சொன்னதில் ஒன்று குறைந்தது. நான் அடித்ததில்தான் தப்பு. சரியாக அடித்துவிட்டு மறுபடி எண்ணினேன். கேனில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து என் பின்னால் வந்து நின்றார்.

அழிக்கிற பட்டனை அமுக்கு என்றபோது நான்தான் நிறுத்தினேன். "இருடா, கரண்ட நம்ப முடியாது" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, எதிர்வீட்டு டிராக்டரின் பேட்டரியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியின் வயரை அதில் கொடுத்தேன். சூப்பர்வைசர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அமுக்கினேன். திரையில் புள்ளி புள்ளியாகப் போனது. பாதியில் தலைக்கு மேலே ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. புள்ளி நிற்கவில்லை, தம்பி. ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.

அஞ்சு மணிக்கு முதல் சொம்பு வந்தது. பாலை ஊற்றினேன். பெட்டி முனகிவிட்டுச் சீட்டைத் துப்பியது. சூப்பர்வைசர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஆறாவதுதான் படிச்சீங்களா?"

"ஆறாவதுல பாதி" என்றேன். போனில் நீ அப்படிச் சிரித்தாய்.

அதற்குப் பிறகு எங்கே பெட்டி விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். காணிப்பாக்கம் பக்கம் போயிருக்கிறேன். போன வாரம் வரதய்யபாளையத்தில் அஞ்சு பெட்டி. உன் போன் இல்லாமல் செய்தது அதுதான் முதல் தடவை. பேட்டரியைக் கேட்டு வாங்கினேன், துளையைத் துடைத்தேன், சைபரை எண்ணினேன். அஞ்சும் எழுந்தது.

சொல்லாமல் விட்டது இதுதான். அன்றைக்கு எந்த எழுத்தை அமுக்கினேன் என்று நீ கேட்கவே இல்லை. நீ திருப்பதி ஹாஸ்டலுக்குப் போகும்போது உன் தகரப் பெட்டியில் இங்கிலீஷில் பேர் எழுதச் சொன்னாய். நீ தரையில் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பெயிண்டில் எழுதினேன். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு இடமெல்லாம் அடைத்துவிட்டேன். மற்றது எழுத இடமே இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து அது ஒன்றுதான். அதைத்தான் அமுக்கினேன். இன்றைக்கும் எந்த ஊர்ப் பெட்டியானாலும் அதைத்தான் அமுக்குகிறேன். மூன்று, இரண்டு என்று முடிவுக்குப் போய்க்கொண்டிருப்பது, உன் எழுத்தைப் பார்த்ததும் நிற்கிறது. நான் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறது.

பெட்டியின் நெற்றியில் மட்டும் சந்தனம் வைத்துவிட்டேன். துளையைத் திறந்தே விட்டிருக்கிறேன். பூசை முடிந்த மறுநாள் புத்தூரில் இரண்டு பெட்டி இருக்கிறதாம். ஈர்க்கும் துணியும் பையில் இருக்கிறது. எழுத்து விரலில் இருக்கிறது. போய் எழுப்பிவிட்டு வருகிறேன்.

அக்கா