சிமாத்துப்பாங் ஊற்றிய டீசல்

அன்புள்ள ரத்னிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை விருந்துக்கு மஞ்சள் சோறு ஆக்கச் சொன்னேனே, அதை நிறுத்திவிடு. கடலில் நாங்கள் துளைக்கும் கிணற்றில் எண்ணெய் இல்லை. துளைக்கும்போது உள்ளே விடும் சேற்றோடு மேலே வரும் வாயுவில் கனமான வகைகள் திடீரென்று கூடின. அதை வைத்துத்தான் அடியில் எண்ணெய் என்று கணித்து, ஜகார்த்தா தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன். நாலு நாளுக்கு முன் ஆழத்திலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். வெறும் உப்புத் தண்ணீர்.

சேற்றைக் கவனிக்கும் சிமாத்துப்பாங், எனக்கு வர வேண்டிய பதவியைப் பறித்தவனின் மைத்துனன். அதனால் அவனோடு நான் பேசுவதில்லை. சிக்கிய குழாயை விடுவிக்க அவன் சேற்றில் டீசல் கலந்திருக்கிறான். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “அண்ணே, நீங்க கண்டுபிடிச்சது நான் ஊத்துன டீசலு! ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கிறீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். யார் மேல் கோபப்படுவது?

நீ விருந்துக்கு அழைத்தவர்களிடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல். உன் அண்ணன் பார்க்கட்டும் என்றுதான் விருந்தே வைக்கச் சொன்னேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு. சிரித்தால் சிரிக்கட்டும்.

இறால் சம்பல் இரண்டு புட்டி அனுப்பு. இப்போது சிமாத்துப்பாங் தினமும் என் எதிரே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒரு புட்டியையாவது அவன் பக்கம் நகர்த்தலாம்.

தபால் கொண்டுபோகும் படகுக்காரன் கூப்பிடுகிறான்.

உன்,
ஹர்யோனோ