பனியன் துணிக் கூடாரம்

14.10.2006, சனி

தீபாவளிக்கு பனியன் கம்பெனி ஒரு வாரம் லீவு. வீட்டுக்காரி சுப்பாத்தாளைக் கூட்டிக்கொண்டு உடுமலைக்கு மேலே காட்டில் ஒரு நாள் தங்கப் போகிறேன். வனத்துறை இடம். தலைக்குப் பத்து ரூபாய், ஒரு அடிபம்பு, கல் அடுப்பு. கரண்ட் கிடையாது, கூடாரம் நாமே கொண்டுபோக வேண்டும். அந்தக் காட்டுக்கு இருபது தடவை போனவன் என்று நான் துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். போனதில்லை. ஆனால் அடிவாரம் வரை பஸ்ஸில் போயிருக்கிறேன், காடு அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

மச்சான் வேலுமணி, சுப்பாத்தாளின் அண்ணன், எங்கள் கம்பெனியிலேயே செக்கிங். "மாப்ளெ, நீங்க ஊட்டைத் தாண்டிப் படுத்ததே இல்லீங்களே" என்றார், அத்தனை பேர் முன்னாடியும்.

16.10.2006, திங்கள்

சுப்பாத்தாள் சொன்னது: "கண்ணாலமாகி இருவத்திரண்டு வருசம். ஊட்டி, மைசூரு எல்லாம் வாயாலயே கூட்டிட்டுப் போயிட்டீங்க. இதும் பொய்யாப் போச்சுன்னா, இனி உங்ககூடத் தெருமுக்கு வரைக்கும் வரமாட்டனுங்க."

சிரிச்சுக்கிட்டுச் சொல்லலை.

18.10.2006, புதன்

கூடாரம் தயார். எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட பனியன் துணி, கெட்டி ரகம். நானே வெட்டி, நானே ஓவர்லாக் தையல் அடித்தேன். டெய்லர் சின்னத்தாய், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, "மாஸ்டர், பனியன் துணி தண்ணி குடிக்குமே" என்றாள். முப்பது வருஷம் துணியோடு கிடந்தவனுக்குத் தெரியாதா? எட்டாவது வரை படித்தவன் நான். அந்தக் காலத்து எட்டாவது, இன்றைக்கு பி.ஏ.

22.10.2006, ஞாயிறு

நாளைக்குக் கிளம்பறோம். வானம் சுத்தம்.

24.10.2006, செவ்வாய்

ஊடு வந்தாச்சு.

நேத்து போய் இறங்கினதும் வனத்துறை வாட்சர் கிட்டுசாமி "முதல் தடவைங்களா?" என்றார். "இருபத்தொண்ணாவது" என்றேன். "அப்ப உங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டீதில்லீங்க" என்று போய்விட்டார். எங்கே கூடாரம் போடக்கூடாது என்று சொல்ல வந்திருப்பார் போல. ஓடைப் பக்கம் பள்ளத்தில் போட்டேன்.

நாலு மணிக்கு மழை. அப்படியொரு மழையை அந்த மலையே பார்த்ததில்லை என்று கிட்டுசாமி சொன்னார். சொல்லவில்லை, முகம் அப்படி இருந்தது. துணி குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. கூரை பசு மடி மாதிரி இறங்கி என் மூக்கைத் தொட்டது. பனியன் துணி இழுத்தா நீளும்னு புதுசா வர்ற ஹெல்பருக்கெல்லாம் நான்தானே சொல்லித் தர்றேன் — எனக்கு ஏன் தோணலை? அப்புறம் கம்பு சாய்ந்து மொத்தமும் எங்கள் மேலே. ஒரே பனியனுக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்ட மாதிரி, கழுத்து எந்தப் பக்கம்னே தெரியலை.

அப்போதான் வாயில வந்துட்டுது: "நான் இங்க வந்ததே இல்லை, சுப்பு."

"தெரியுமுங்க. எந்த பஸ்ஸுன்னு மூணு பேர்த்துகிட்டக் கேட்டீங்களே."

கிட்டுசாமிதான் இழுத்து வெளியே எடுத்து, சமையல் கொட்டகையில் அடுப்போரம் உட்கார வைத்தார். சுப்பாத்தாள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டா. ஒரு தரம் அவ முதுகு குலுங்குச்சு. அழறாளா? பஸ்ஸிலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தா.

சரி. இனி தெருமுக்கும் இல்லை.

30.10.2006, திங்கள்

கம்பெனி திறந்தது. ஒரு யானை வந்ததாகவும், நான் கைதட்டியே அனுப்பியதாகவும் சொல்லும்படி ஆகிவிட்டது. கேட்டார்கள், சொன்னேன். மச்சான் நம்பவில்லை. சாயங்காலம் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனம்மிணி, நெசமாலுமே யானை வந்துச்சா?"

சுப்பாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பப் பார்த்தேன்.

"ஒண்ணுன்னா சொன்னாரு?" என்றாள், தலை நிமிராமல். "மூணுங்ண்ணா. குட்டியோட."

மச்சான் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

31.10.2006, செவ்வாய்

தண்ணி குடிக்காத குடைத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். ஆறு மீட்டர் போதும் என்றேன்.

"பத்தா வாங்குங்க. நீங்க வெட்டறப்ப பாதி வேஸ்ட்டாப் போவும்."