ஏறுபந்து கொடுக்காத நாள்

மரியே வாழ்க

கொடைக்கானல்,
25.9.1983

அன்பு மகள் இசபெல்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி சிலுவைராஜ் மூன்று பேரும் ஆண்டவர் கிருபையில் உடம்பளவில் சுகம், மனசளவில் ஒரு ஆள் சுகமில்லை, அது யார் என்று போகப் போகத் தெரிந்துகொள்வாய். பிலாயில் வெயில் தணிந்ததா, ஆஸ்பத்திரி கேண்டீனில் இன்னும் அந்தக் கடுகெண்ணெய்க் குழம்புதானா, மெலிந்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி பனிக்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஆனாலும் பூசைக்குப் போகிற ஏற்றத்தில் என்னை முந்திக்கொண்டுதான் ஏறுகிறாள். தம்பி கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்கி வந்து, நூறுக்குப் போகிற வழியில் இருக்கிறேனப்பா, நடுவில் பஸ் பிரேக்டவுன் என்கிறான். வாய் என்னுடையது, அதனால் அடிக்கக் கை வரவில்லை. மார்க் எடுக்காததால் டென்னிஸ் கிளப்பில் மெம்பர்களோடு பந்தடித்துக் கொடுக்கிற மார்க்கர் ஆனவன், மார்க்கர் ஆனதால் பள்ளிக்கூடத்தில் கோச் ஆனவன் என்று முப்பது வருஷமாக என்னைப் பற்றி நானே சொல்லிச் சிரிக்க வைக்கிறவன், மகனை எந்த முகத்தோடு அடிப்பது? போன கடிதத்தில் எங்கள் டென்னிஸ் பிள்ளைகள் ஷீல்டு ஜெயித்துவிட்டார்கள் என்று கார்டில் நாலே வரி எழுதியிருந்தேன் அல்லவா, நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய், அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிடு. இப்போது எழுதுவதுதான் கடிதம்.

ஒட்டன்சத்திரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் டிரில் மாஸ்டர் குருநாதனை உனக்குத் தெரியும், நம் வீட்டில் மூன்று தட்டு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு நாலாவதைப் பையில் கட்டிக்கொண்டு போனவன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தரையைச் சாணி போட்டு மெழுகி அவனே ஒரு கோர்ட் உண்டாக்கி, அந்தக் காய்கறி மார்க்கெட் ஊரிலிருந்து ஐந்து வருஷமாகப் பிள்ளைகளைக் கூட்டி வந்து எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான். போன வருஷம் ஷீல்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஏலே ஞானமுத்து, ஒங்க மலைப் பிள்ளைகளுக்குப் போர்வையத்தான் கெட்டியாப் பிடிக்கத் தெரியும், ராக்கெட்ட எங்க பிடிக்கத் தெரியும்” என்று பஸ்ஸே சிரிக்கிற மாதிரி கத்திவிட்டுப் போனான். நானும் சிரித்தேன். ஆனால் இவனுக்கு ஒரு நாள் வைக்கிறேன் என்று ஒரு வருஷமாக அதை வாய்க்குள் மிட்டாய் மாதிரி போட்டு வைத்திருந்தேன். உன் அப்பன் புத்தி உனக்குத் தெரியாததல்ல.

இந்த வருஷம் ஆட்டம் பதினேழாம் தேதி சனிக்கிழமை நம் கோர்ட்டில். அவர்கள் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார்கள், ஆறு பிள்ளைகளும் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து எலுமிச்சம்பழத்தை மோந்தபடி இறங்கினார்கள். ஏறுபந்து என்று நம்மிடம் ஒரு வழக்கம் உண்டே, உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு முன்னால் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் தொடங்கிவைத்தது. ஏழாயிரம் அடி மேலே காற்று லேசு, கீழே கோட்டுக்குள் விழுகிற அதே அடிக்குப் புதுப் பந்து இங்கே நாலடி தள்ளிப் போய் விழும். அதனால் மலையேறி வந்தவர்களுக்கு முதல் நாள் சாயங்காலமே ஒரு டப்பா புதுப் பந்தை உடைத்துக் கொடுத்து, கை பழகும் வரை அடிக்க விடவேண்டும். கோடு போடுகிற சின்னக்கருப்பன் அன்றைக்கும் கேட்காமலேயே டப்பாவோடு வந்து நின்றார். நான் அதைத் திருப்பி வைக்கச் சொல்லி, கூடையில் கிடந்த பழைய செத்த பந்துகளை எடுத்துக் கொடுத்தேன். செத்த பந்து மலையிலும் கீழ்நாட்டில் மாதிரியே அடக்கமாக விழும். பிள்ளைகளும் அடே இங்கேயும் நம் ஊர் மாதிரிதான் இருக்கு என்று சந்தோஷமாக ஓங்கி ஓங்கி அடித்துப் பழகினார்கள். “என்ன சார், ஏறி வந்த பிள்ளைகளுக்கு டப்பா கெடையாதா” என்றார் சின்னக்கருப்பன். நாளைக்குப் பாருங்க வேடிக்கையை என்றேன். அவர் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறுபந்து கிடையாது, ஒரு டப்பாதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் குருநாதனிடம் இதை அவிழ்த்துவிட்டு, அவன் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரித்து, மறுபடியும் ஒழுங்காக ஒரு ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். பந்து சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்தப் பந்தா எதற்கு என்று நீ கேட்பாய், கேள்.

காலையில் பனி விலகியதும் முதல் ஆட்டம், எங்கள் கேப்டன் கித்தேரிக்கும் அவர்கள் கேப்டன் வேலுத்தாய்க்கும். வேலுத்தாயின் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவளுடைய அடியைப் பார்த்தால் பல வருஷம் கிளப்பில் இருந்த நானே எழுந்து நின்றுவிடுவேன், அவ்வளவு சுத்தம். அன்றைக்குத்தான் புது டப்பாவைத் திறந்தேன். முதல் பந்து கோட்டைத் தாண்டி ஒரு கஜம், அடுத்தது வேலியில், அடுத்தது வேலிக்கு வெளியே யூக்கலிப்டஸ் மரத்தில். வெளியே போகிறதே என்று குறைத்து அடித்தாள், வலையில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் இசபெல்லா, ராக்கெட்டைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். குருநாதன் பெஞ்சிலிருந்து “வெரசா அடிக்காத தாயி, நிதானம் நிதானம்” என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத் தலைமை மதரோடு மதுரைக் கல்லூரியிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், கையில் நோட்டுப் புத்தகம். அடுத்த வருஷம் அவர்கள் கல்லூரி டீமுக்கு ஒரே ஒரு பெண்ணுக்கு ஹாஸ்டலோடு இலவச சீட்டு, வேலுத்தாயைப் பற்றிக் கேள்விப்பட்டு அவளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று மதர் என் காதில் சொன்னார். எனக்கு அது முன்னால் தெரியாது, மாதா மேல் ஆணையாகத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகு நான் எழுந்து ஆட்டத்தை நிறுத்தியிருக்கவேண்டும். இரண்டு எட்டு வைத்தால் போதும். உட்கார்ந்தே இருந்தேன். ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு பூஜ்யம். சிஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டே “பிள்ளைக்குக் கையில் கட்டுப்பாடு இல்லையே, உங்கள் கித்தேரி பரவாயில்லை” என்றார். ஆமாம் சிஸ்டர் என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டில் குருநாதன் எதிரே உட்கார்ந்தான், உன் பிள்ளைகள் இன்றைக்கு ஜெயிச்சிட்டாகப்பா, நல்லா ஆடினாக என்று அவனே என் கையைப் பிடித்துச் சொன்னான், நான் வேடிக்கையை அவிழ்க்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தாலாவது என்னை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். பஸ் கிளம்பும் முன்னால் வேலுத்தாய் தனியாக என்னைத் தேடி வந்தாள். முகம் கழுவி, பொட்டை மறுபடி ஒட்டிக்கொண்டு, அழுதது தெரியக்கூடாது என்று. “சார், எங்க சார் சொல்லுவாக, ஒங்களுக்கு ஆட்டத்துல தெரியாதது இல்லைன்னு. என் கையில என்ன தப்பு சார்? சொல்லித் தாங்க, நான் திருத்திக்கிறேன்” என்றாள். உலகத்தில் தப்பே இல்லாத கை அது. நான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்து, கட்டைவிரலை மேலே ஏற்றிப் பிடிக்கிறாய், அதனால்தான் பந்து பறக்கிறது, விரலைச் சுற்றி மடக்கிப் பிடித்துப் பழகு என்று சொன்னேன். வாயில் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் உன் அப்பன், அன்றைக்கும் வைத்திருந்தேன் பார். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து ஷீல்டை மேசையில் வைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிரிப்பாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “வெளாட்டு வெளாட்டுன்னு எல்லாத்தையும் வெளாட்டாவே பண்ணிட்டீங்க. எம்மவ ஒரு பந்துக்குத் தப்புச் சொன்னதுக்கு என்ன செஞ்சீங்கன்னு நெனப்பு இருக்கா” என்றாள். இருக்கிறது. நீ பத்தாவது படிக்கும்போது, அரையிறுதி ஆட்டத்தில், எதிராளியின் பந்து கோட்டில் விழுந்து சுண்ணாம்பு பறந்ததை நான் பார்த்தேன், நீ அவுட் என்று கை காட்டினாய். நம் ஆட்டங்களில் அம்பயர் கிடையாது, அவரவர் பக்கத்துப் பந்துக்கு அவரவர் வாய்தான் சாட்சி. நான் கோர்ட்டுக்குள் இறங்கி, எல்லாருக்கும் முன்னால், ஆட்டத்தையே அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி உன்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். ஒரு பந்துதானேப்பா என்றாய் நீ. அதன் பிறகு வந்த ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளுக்கும் முதல் நாளில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், என் சொந்த மகளையே விட்டுவைக்காதவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உன் பேரைச் சொல்லி. கித்தேரிக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அம்மா கேட்ட பிறகு, ஒரு டப்பாதானே என்று நான் சொல்லிக்கொண்டது எனக்குள் உன் குரலில் கேட்டது.

திங்கட்கிழமை மதரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நான் அறையை விட்டு வரும்வரை திரும்பப் போடவில்லை. பிறகு கோர்ட்டில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னேன். கித்தேரி கையிலிருந்த பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நல்ல பிள்ளை, அவள் எந்தத் தப்பும் செய்யாமல் அவள் ஜெயித்ததை அவளிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன். இன்றோடு ஆறு நாள், பேசவில்லை. நீ என்னோடு பேசாமல் இருந்தது பதினொரு நாளா பன்னிரண்டா?

வியாழக்கிழமை வெள்ளனே, வடகவுஞ்சியில் பூண்டு ஏற்றிப் பழனி வழியாகப் போகிற லாரியில் சின்னக்கருப்பன் இடம் பிடித்துக் கொடுத்தார். ஷீல்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன், ஒட்டன்சத்திரம் போய்ச் சேரும்போது ஷீல்டுக்கும் எனக்கும் ஒரே பூண்டு வாசனை. குருநாதன் கோர்ட்டில் இருந்தான். எல்லாம் கேட்டான். ஏலே என்று கூப்பிடுவான், திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், “சாக்க அந்தப் பக்கம் வைங்க சார்” என்றான். முப்பது வருஷத்தில் அவன் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. வேலுத்தாய் சுவரில் பந்து அடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மேலே ஏறிவிடக்கூடாது என்று சணல் கயிற்றால் ராக்கெட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தாள், ஐந்து நாளாக, விரல் கன்றிச் சிவந்து தோல் உரிந்திருந்தது. கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். நான் சொன்னது பொய் தாயி, உன் கையில் தப்பில்லை, பந்தில் தப்பு, பந்து கொடுத்தவன் மேல் தப்பு என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. விரலை நீவிக்கொண்டாள். “அப்ப நான் நல்லாத்தான் அடிச்சனா சார்” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நல்லாத்தான் அடிச்ச என்றேன்.

மதுரை சிஸ்டருக்கு நடந்ததை எழுதி, மதரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் இல்லை. இடம் கித்தேரிக்கு என்று பேர் எழுதிவிட்டார்களா, இருவரையும் மறுபடி கூப்பிடுவார்களா, தெரியாது. வேலுத்தாய் கட்டைவிரலைப் பழையபடி வைத்தால் பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் தடுமாறுகிறாள், ஐந்து நாளில் என் பொய் அவள் கையில் ஏறிவிட்டது. அது இறங்க எத்தனை நாளோ. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து ஒரு டப்பாவோடு இறங்கி வருகிறேன் என்று குருநாதனிடம் கேட்டேன், பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அது நியாயம்.

மகளே, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு நீ செய்தது தப்புத்தான், அதை இப்போது இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், உனக்கே அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கலாம். எனக்கு நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன், உனக்கு ஒரு நிமிஷம் தரவில்லை. உன் கதையை இனி எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன், சொல்ல என்னுடையதே ஒன்று இருக்கிறது. உன் ராக்கெட் வளையாமலிருக்க மரச் சட்டத்தில் இறுக்கியபடியே பரணில் இருக்கிறது, நேற்று இறக்கித் துடைத்தேன், சாரல் ஈரத்தில் பின்னலில் நரம்பு இரண்டு போயிருக்கிறது, ராக்கெட் வளையவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை, உன்னைக் கேட்காமல் கொடுக்கவும் மாட்டேன்.

குளிர் தொடங்கியதும் அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திராமல் போட்டுக்கொள், இராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, கிறிஸ்மஸுக்கு லீவு இப்போதே எழுதிக் கொடுத்து வை. மாதா உன் தலைமாட்டில் துணையாக இருந்து, எடுக்கிற எந்த ஊசியிலும் உன் கை நடுங்காமல் காக்கட்டும். பதில் போட மனசு வராவிட்டால் அவசரமில்லை, பன்னிரண்டு நாள் வரை நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
மார்க்கர் ஞானமுத்து