ஆளில்லா ஊரின் கதவு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். போன வாரம் மக்கள் கணக்கெடுப்புக்கு வந்து நம் வீட்டுக் கதவிலும் எண் போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் இரண்டு பேர் என்று நான் சொன்னேன். உன் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து மூன்று என்றாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பவர்களைச் சேர்க்கக்கூடாது என்று விதியைச் சொன்னேன். பெத்த பொண்ணை லிஸ்ட்டுல இருந்து எடுக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வருது என்று கேட்டவள்தான், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கரண்டி மட்டும் ணங்கென்று தட்டில் விழுகிறது. அப்படி எடுப்பது எனக்குப் பழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. முப்பத்திரண்டு வருஷமும் இந்த வட்ட அலுவலகத்திலேயே போய்விட்டது. நம் வட்டத்தில் அறுபத்து மூன்று ஊர். வடக்கே மேட்டு நிலத்தில் இருபத்தொன்று, ரோட்டை ஒட்டி முப்பத்தைந்து, ஆற்றுக்கு அக்கரையில் ஏழு. சின்ன வயசில் நீ தூங்காமல் அடம்பிடித்தால் இந்தப் பெயர்களைத்தான் வரிசையாகச் சொல்லுவேன், அப்பா ஆபீஸைத் திறந்துட்டார் என்று அம்மா கேலி செய்வாள். நாற்பதைத் தாண்டுவதற்குள் நீ தூங்கிவிடுவாய். அதனால் அறுபத்து மூன்றாவது ஊரின் பெயரை நீ கேட்டதே இல்லை. உனக்கு நாலு வயசானபோது வந்த கணக்கெடுப்பில் அக்கரை ஊர்கள் என் பொறுப்பு. ஆறு ஊர் முடித்தாயிற்று. கடைசி ஊருக்கு ஓர் ஓடையைத் தாண்டவேண்டும், அன்று இடுப்பளவு தண்ணீர். பாதி இறங்கியபோது, உனக்கு ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டது என்று என்னை ஆற்றைக் கடத்திவிட்ட பரிசல்காரர் கரையிலிருந்து கத்தினார். திரும்பி ஓடிவந்தேன். ஈரப் பேண்ட்டோடு அப்பா ஓடிவந்த கதையை எல்லோரும் உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். மீதியை யாரும் சொன்னதில்லை. மறுநாள் நீ தெளிந்துவிட்டாய், அன்றே கணக்கெடுப்புப் புத்தகத்தை ஒப்படைக்கவேண்டும். ஓடையில் நின்று பார்த்தபோது அந்தப் பக்கம் அடுப்புப் புகை எதுவும் தெரியவில்லை, அதை வைத்து ஆளில்லா ஊர், மக்கள் தொகை பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்மேல் பழி போடவில்லை கண்ணு. ஒரு நாள் அவகாசம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், பரிசல்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

ஆளில்லா ஊருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ரேஷன் கிடையாது, மருந்து வண்டி கிடையாது. பத்து வருஷம் கழித்து வந்த கணக்கெடுப்பிலும் அங்கே யாரையும் அனுப்பவில்லை, என் பூஜ்ஜியத்தைப் பார்த்து இன்னொரு பூஜ்ஜியம் போட்டார்கள். அந்த வருஷம்தான் அந்த ஊரிலிருந்து ஓர் அம்மா கவுண்டருக்கு வந்தார். மகளை விடுதியில் சேர்க்க இருப்பிடச் சான்றிதழ் வேண்டும் என்றார். அந்தப் பெண்ணுக்கும் உன் வயசுதான். பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த ஊர்ல யாருமே இல்லையேம்மா என்றேன். அவர் கோபப்படவில்லை. அப்போ நான் யாருங்க சார் என்று மெதுவாகக் கேட்டார். திருத்தவேண்டும் என்றால் தவறு எப்படி நடந்தது என்று மேலிடத்துக்கு நான் எழுதித் தரவேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன், கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. நிராகரிக்கப்பட்டது என்று எழுதிக் கையில் கொடுத்தேன். அன்று முதல் கவுண்டரில் யார் வந்து நின்றாலும் முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது. முகம் மழிக்கும்போது கண்ணாடியிலிருந்து கேட்கிறது. அப்பா நான்தான் என்று நீ போனில் சொன்னால்கூட ஒரு கணம் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஏம்பா பேசாம இருக்கீங்க, லைன் சரியில்லையா என்று கேட்பாயே, லைன் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த முறை அந்த ஊரை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு சார் இந்த வயசுல என்று அதிகாரி சிரித்தார். செவ்வாய்க்கிழமை காலை போனேன். ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. ஒன்பது வீடு, எட்டில் கூரை விழுந்துவிட்டது. நின்றிருந்த ஒரு வீட்டுக் கதவில் நாங்கள் போடுவதைப் போலவே கரியால் எழுதியிருந்தது. யாரும் வந்து போடாததால் அவர்களே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீடு 1, ஆள் 5. ஐந்தை அடித்து நாலு, நாலை அடித்து இரண்டு, அதையும் அடித்து ஒன்று. ஒன்றை அடிக்க ஆள் இல்லை. கதவைத் தட்டினேன், தானாகத் திறந்தது. உள்ளே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நான் எழுதிக் கொடுத்த நிராகரிப்புத் தாள். அந்த அம்மாவின் பெயரும் அந்த ஊரின் பெயரும் சேர்ந்து இருந்த ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான் போலிருக்கிறது, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். திரும்பும்போது பரிசல்காரரிடம் விசாரித்தேன். அந்தம்மா போன வருஷம் வரைக்கும் இருந்தாங்க சார், மருந்து வண்டி வருதான்னு ஓடைக்கரையில வந்து உக்காந்திருப்பாங்க, லிஸ்ட்ல ஊரு இல்லைன்னு வண்டி அப்படியே திரும்பிடும் என்றார். மகள் எங்கோ தூரத்தில் வேலைக்குப் போனாளாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடியும் அந்தக் கதவருகே போய் நின்றுதான் படிவத்தை நிரப்பினேன். மக்கள் தொகை பூஜ்ஜியம். அதே வரி, அதே கையெழுத்து. இந்த முறை அது உண்மை.

நடந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், நாளை அதிகாரியிடம் கொடுப்பேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நீங்கள் இருக்கும் ஊரில் கணக்கெடுக்க யாராவது கதவைத் தட்டினால் வேலையாக இருக்கிறேன், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிடாதே. முழுப் பெயரைச் சொல். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார். இன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்தபோது பார்த்தேன், கணக்கெடுக்க வந்தவர்கள் போட்ட எண்ணுக்குக் கீழே அம்மா சாக்பீஸால் ஆள் 3 என்று எழுதியிருக்கிறாள். நான் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா